இடது மூலையில் நின்றவர்

1996 பொங்கல் சமயத்தில் நடந்தது இது. அப்போது திண்டிவனத்தில் ஒரு அரிசி மில்லில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். வயது இருபத்திரண்டு. பகல் முழுக்க மூட்டை, பொழுது சாய்ந்தால் கபடி. முதலில் ஏரிக்கரையில் ஒரு ஓட்டம், அப்புறம் தண்டால், பஸ்கி, கடைசியில் மில்லுக்குப் பின்னால் காலி மனையில் கோடு போட்டு கண் தெரிகிற வரைக்கும் ஆட்டம். இப்போது ஜிம்முக்குப் போகிறவர்கள் பணம் கட்டிச் செய்வதை எல்லாம் நாங்கள் ஓசியில் செய்தோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கத்தில் கபடிப் போட்டி எடைக் கணக்கில்தான் நடக்கும். ஐம்பத்தைந்து கிலோ போட்டி என்றால் அதற்கு மேலே கொஞ்சம் இருந்தாலும் வெளியே உட்கார்ந்து கைதட்ட வேண்டியதுதான். நான் அந்த ஐம்பத்தைந்து கிலோ டீமில் ரைடர். அதாவது மூச்சு விடாமல் 'கபடி கபடி' என்று பாடிக்கொண்டே எதிராளி கட்டத்துக்குள் போய், யாரையாவது தொட்டுவிட்டுப் பிடிபடாமல் திரும்புகிறவன். ஆனால் ஒழுங்காகச் சாப்பிட்டால் என் உடம்பு தானாகப் போய் நிற்கிற இடம் ஐம்பத்தெட்டு. அதுதான் பிரச்சினை.

அந்தப் பொங்கலுக்கு மரக்காணம் ரோட்டில், பெருமுக்கல் மலை தெரிகிற ஒரு ஊரில் இரண்டு நாள் பகல் போட்டி. மாவட்ட டீமுக்கு ஆள் பொறுக்க ஒருத்தர் வருகிறார் என்று எங்கள் கேப்டன் அண்ணன் எங்கிருந்தோ செய்தி கொண்டுவந்தார். மாவட்ட டீமில் ஆடிவிட்டால் விளையாட்டுக் கோட்டாவில் போலீஸ் வேலைக்கு வழி உண்டு. மூட்டையிலிருந்து தப்பிக்க எனக்குத் தெரிந்து வேறு வழி இல்லை. எடை ஏறினால் அந்த வழியும் போச்சு.

அதனால் மார்கழி பாதியிலேயே சோற்றைக் கைவிட்டேன். காலையில் வெறும் டீ, மத்தியானம் மோர், ராத்திரி அரை இட்லியோ என்னவோ. சாயங்காலம் ஓடும்போது சட்டைக்கு அடியில் பாலிதீன் கவரைச் சுற்றி, மேலே ஸ்வெட்டர் போட்டுக்கொள்வேன். வாயில் புளியை ஒதுக்கிக்கொண்டு வழியெல்லாம் எச்சில் துப்புவேன். எச்சிலுக்கும் எடை இருக்கிறது என்பது கேப்டன் அண்ணனின் கண்டுபிடிப்பு. மில்லில் மூட்டை நிறுக்கிற தராசில் தினமும் ஏறி நிற்பேன். "இவன பொன்னியில சேக்கிறதா, ஐ.ஆர். எட்டுல சேக்கிறதா?" என்று கூட வேலை செய்கிறவர்களில் ஒருத்தர் கேட்பார். "பதருல சேரு" என்பார் இன்னொருத்தர்.

பொங்கலன்று பால் பொங்கியதும் அம்மா முதல் கரண்டியை எனக்குத்தான் எடுத்துவந்தார். வேண்டாம் என்றேன்.

"ஊரே துன்னுது, நீ மட்டும் மூஞ்ச திருப்பிக்கினு போறியே, நல்லாவா கீது?" என்றார் அம்மா. அவருக்குக் கோபம் வந்தால் அழுகையும் சேர்ந்தே வரும். அதைப் பார்க்க முடியாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

மறுநாள் மாட்டுப் பொங்கல், போட்டியின் முதல் நாள். பனி இன்னும் விலகவில்லை. மைதானத்தில் தராசை நடுவில் வைத்து ஒவ்வொருத்தராக ஏற்றி இறக்கினார்கள். எனக்கு முள் ஐம்பத்தைந்தைத் தாண்டாமல் நின்றது. அப்பாடா என்றிருந்தது. ஆனால் எடைக்கு நின்றுவிட்டு வயிறு முட்டச் சாப்பிடுகிற ஆட்களைப் பிடிக்க, இரண்டாம் நாள் காலையிலும் ஒரு தடவை நிறுப்பார்கள். ஆகவே விரதம் தொடர்ந்தது.

மைதானத்து ஓரத்தில் ஒரு பந்தல். அங்கே மேசை மேல் கோப்பை, பக்கத்தில் மாலை போட்ட ஒரு போட்டோ. சில வருஷத்துக்கு முன்னால் இதே மைதானத்தில் ஆடும்போது விழுந்து இறந்துபோன உள்ளூர் ஆட்டக்காரர். அவர் நினைவாகத்தான் அந்தப் போட்டியே நடக்கிறது. ஸ்டுடியோவில் எடுத்த படம், முகம் மட்டும்தான் இருந்தது. எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற மாதிரி ஒரு முகம்.

மேசைக்குப் பக்கத்தில் இரண்டு கூடைகளும் ஒரு தவலையும் இருந்தன. எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை அவித்தது, அவித்த முட்டை, வாழைப்பழம், தவலையில் மோர் விட்டுக் கரைத்த கேப்பைக்கூழ். முப்பது வயது இருக்கும், ஒரு அக்கா அவற்றை வைத்துக்கொண்டு ஆட வந்த ஒவ்வொருத்தரையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். "கொஞ்சம் துன்னுட்டு எறங்கு கண்ணு" என்பார். இறந்துபோனவருக்கு உடன்பிறந்த அக்கா அவர்தான் என்று சொன்னார்கள்.

உள்ளூர்ப் பையன்கள் வாங்கிச் சாப்பிட்டார்கள். எங்கள் டீமில் ஒருத்தரும் கிட்டே போகவில்லை. கேப்டன் அண்ணன் முன்னாலேயே எச்சரித்துவிட்டார். "போட்டோவாண்ட வச்சுட்டு எடுத்துக்கினு வருது பாரு. அது செத்தவனுக்குப் படைச்சதுடா. அத்த துன்னுட்டு ஆட எறங்கினா அவனும் கூடவே எறங்குவான்." எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனாலும் சாப்பிடாமல் இருக்க இன்னொரு காரணம் கிடைத்ததே என்று இருந்தது.

எங்கள் முதல் ஆட்டம் சாயங்காலம் நடந்தது. ஒரு கட்டத்தில் எதிர் டீமில் பாதிப் பேர் அவுட்டாகி வெளியே போயிருந்தார்கள். நான் பாடிக்கொண்டு உள்ளே போனேன். வலது பக்கம் நின்றவனின் தொடையைத் தட்டிவிட்டுத் திரும்பும்போது, இடது மூலையில் ஒருத்தர் குனிந்து நிற்பது ஓரக்கண்ணில் பட்டது. வெள்ளை பனியன். எட்டி அவர் தோளையும் தொட்டேன். நனைந்த துணியைத் தொட்ட மாதிரி இருந்தது. கோட்டுக்கு வந்து இரண்டு விரலைக் காட்டினேன்.

நடுவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "இன்னொரு ஆளு யாருப்பா?"

"இடது கார்னர்."

"அங்க ஆளே இல்லியே. இடது கார்னர் அப்பவே அவுட்டாயி வெளிய உக்காந்துகினு கீறான் பாரு."

வெளியூரிலிருந்து வந்திருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் அசடு வழியச் சிரித்தேன். எதிர் டீமில் எல்லோரும் நீல நிறச் சட்டை போட்டிருந்தது அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. உள்ளூர்க்காரர்கள் ஒருத்தரும் சிரிக்கவில்லை. அந்த மூலைக் கோட்டை ஒட்டி உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்து, மடியில் இருந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போய் உட்கார்ந்தார். 

இரண்டாம் நாள் காணும் பொங்கல். காலையில் தராசு முள் ஐம்பத்தைந்துக்கும் கீழே நின்றது. எடைதான் முடிந்துவிட்டதே, அப்போதாவது எதையாவது தின்றிருக்கக் கூடாதா என்று நீங்கள் கேட்பீர்கள். பசி என்பது ஒரு அளவுக்கு மேலே போனால் செத்துவிடுகிறது. வாழைப்பழ வாசனை வந்தாலே குமட்டியது. இடுப்பளவு தண்ணீரில் நடக்கிற மாதிரி நடந்துகொண்டிருந்தேன். சனம் பேசுவது எங்கோ பக்கத்து ஊரில் பேசுவது போலக் கேட்டது.

அந்த அக்கா என்னிடம் நேராக வந்தார். "உதடெல்லாம் வெடிச்சு கீது. ஒரு வாய் கூழாவது குடி."

"மேட்ச் முடிச்சுட்டுக் குடிக்கிறேன்கா."

"என் தம்பியும் இதேதான் சொன்னான்" என்றார் அவர். கேப்டன் அண்ணன் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

அரையிறுதி ஆட்டம் உச்சி வெயிலில் தொடங்கியது. ஆள் பொறுக்க வந்தவர் பந்தலில் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் கண்ணில் பட வேண்டும், அவ்வளவுதான் என் தலைக்குள் இருந்தது. எதிர் டீமில் மூன்று பேர்தான் மிச்சம். என்னை அனுப்பினார்கள். கோட்டைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, பாடிக்கொண்டே உள்ளே போனேன்.

மூன்று பேர் இல்லை, நான்கு பேர் நின்றார்கள்.

இடது மூலையில் அதே வெள்ளை பனியன். நல்ல கார்னர் ஆட்டக்காரர் ரைடரின் முகத்தைப் பார்க்க மாட்டார், காலைத்தான் பார்ப்பார். அவரும் என் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கபடியில் பக்கத்துப் பக்கத்து ஆட்கள் கைகோத்து நிற்பார்கள் இல்லையா, அந்த மாதிரி அவருக்குப் பக்கத்தில் நின்ற எதிர் டீம்காரன் ஒரு கையை அவர் பக்கமாக நீட்டியிருந்தான். அவன் பழக்க தோஷத்தில் வெறும் காற்றில் நீட்டியிருந்தானோ, எனக்குத் தெரியாது. எனக்கு அந்தக் கை இன்னொரு கையைப் பிடித்திருந்தது தெரிந்தது. மற்ற மூன்று பேரும் கால் மாற்றி வைக்கும்போது புழுதி கிளம்பியது. அவர் காலடியில் மட்டும் ஒரு பொட்டுப் புழுதி எழவில்லை. இன்னொரு கையை அவர் வயிற்றில் அழுத்தி வைத்திருந்தார்.

அப்போது அவர் முகத்தைத் தூக்கினார். போட்டோவில் இருந்த அதே முகம். ஆனால் உதடு வெடித்து வெள்ளை பூத்திருந்தது. அந்த உதடு அசைந்துகொண்டிருந்தது. நான் 'கபடி' என்றால் அதுவும் 'கபடி' என்றது, சத்தம் இல்லாமல், என்னோடு சேர்ந்து. கட்டத்துக்குள் நிற்கிற ஆள் ஏன் பாட வேண்டும்? எனக்கு மூச்சு அடைத்தது, பாட்டு நின்றுபோனது. அவர் உதடு நிற்கவில்லை. அது தொடர்ந்து பாடிக்கொண்டே இருந்தது. அதற்குப் பிறகு தரை என் முகத்தில் வந்து மோதியது மட்டும்தான் ஞாபகம்.

நினைவு வந்தபோது பந்தலில், போட்டோ இருந்த மேசைக்குப் பக்கத்தில் கிடந்தேன். கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. உடம்பெல்லாம் சில்லென்று வேர்த்திருந்தது. சுற்றிலும் தலைகள். கேப்டன் அண்ணன் கத்திக்கொண்டிருந்தார். "காத்து அடிச்சிருக்கு. யாரும் வாயில எதுவும் குடுக்காதீங்க. பூசாரி வந்து மந்திரிச்ச அப்புறம்தான் தண்ணி கூட. போயி ஜல்தியா கூட்டிக்கினு வாங்க."

எங்கள் பக்கத்தில் அது ஒரு பழக்கம். காற்று கருப்பு பிடித்தவனுக்கு மந்திரிப்பதற்கு முன்னால் எதைக் கொடுத்தாலும், உள்ளே வந்தது தின்றுவிட்டு அங்கேயே தங்கிவிடும் என்பார்கள். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கிடந்தது. தண்ணீர் கேட்கவும் முடியவில்லை. செத்துக்கொண்டிருக்கிறேன் என்று தெளிவாகத் தெரிந்தது. பயம் கூட வரவில்லை, அதுதான் இப்போது நினைத்தால் பயமாக இருக்கிறது.

அந்த அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "என் தம்பிக்கும் இதத்தான்டா சொன்னீங்க. பூசாரி வர்றதுக்குள்ள அவன் போய்ட்டான். தள்ளுங்க எல்லாரும்" என்றார். அவர் குரலை உயர்த்தவில்லை. ஆனால் கூட்டம் தள்ளி நின்றது, கேப்டன் அண்ணன் உட்பட. யாரோ வேன் பிடிக்க ஓடினார்கள்.

என் தலையை மடியில் வைத்து, வெல்லம் கரைத்த தண்ணீரை உதட்டில் தடவினார். "முழுங்க முடியுதா? கண்ண சிமிட்டு." சிமிட்டினேன். ஒரு மடக்கு கொடுத்தார். அப்புறம் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "யாரப் பாத்த?" என்றார்.

"மூலையில... வெள்ள பனியன். வயித்துல கை வச்சுக்கினு..."

அவர் உடம்பு ஒரு தடவை அதிர்ந்தது என் தலைக்குத் தெரிந்தது. போன வருஷமும் ஒரு பையன் இதையே சொன்னானாம். அவனும் எடைக்காகப் பட்டினி கிடந்தவன். "துன்னாம எறங்குற பசங்க கண்ணுக்குத்தான் தெரியிறான் போல. அதுக்காகத்தான் கூடைய தூக்கிக்கினு வர்றேன். இந்த மண்ணுல இன்னொருத்தன் பசியோட வுழக்கூடாது" என்றார்.  "நானும் இந்த ரெண்டு நாளும் பச்சத்தண்ணி கூட குடிக்கிறது இல்ல. என் கண்ணுக்கு அவன் தெரியல. ஒரு வருசமும் தெரியல."

நான் தலையைத் திருப்பி மைதானத்தைப் பார்த்தேன். ஆட்டத்தை நிறுத்தியிருந்தார்கள். காலி மைதானம், நல்ல வெயில். இடது மூலையில் அவர் நின்றுகொண்டிருந்தார், எங்கள் பக்கம் திரும்பி.

"இப்பவும் நிக்கிறானா?"

"நிக்கிறாரு."

அக்கா அந்தப் பக்கம் பார்த்தார். அவர் கண் அந்த மூலை முழுக்கத் தேடியது. நான் விரலைத் தூக்கிக் காட்டினேன். அந்த விரலைப் பிடித்து, அது போகிற திசையில் பார்த்தார். எதுவும் தெரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் என்னிடம் இன்னொரு மடக்கு கொடுத்தார். வெல்லத் தண்ணீர் உள்ளே இறங்க இறங்க, தொலைவில் இருந்த சத்தமெல்லாம் பக்கத்தில் வந்தது. மைக் கரகரப்பு, ஒரு குழந்தை அழுவது, எங்கள் டீம்காரன் மூக்கை உறிஞ்சுவது. மூலையில் நின்றவரின் பனியன் வெயிலோடு வெயிலாக வெளுக்கத் தொடங்கியது.

"இப்ப?"

"கொஞ்சம் மங்கலா தெரியிறாரு."

அவருக்குப் புரிந்துவிட்டது. எனக்கும்தான். வெல்லத் தண்ணீருக்கு அடுத்து கூழ் டம்ளரை என் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்தவர் அப்படியே நிறுத்தினார்.  நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தம்பியைப் பார்க்கிற கண் உலகத்தில் அந்த நிமிஷம் என்னுடையது ஒன்றுதான். அதுவும் பசித்திருக்கிற வரைக்கும்தான். 'இரு, இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துச் சொல்லு' என்று அவர் கேட்டிருந்தால் நான் பார்த்துச் சொல்லியிருப்பேன்.

"சிரிக்கிறானா?" என்று மட்டும் கேட்டார்.

"தெரியலக்கா. நம்மளத்தான் பாக்குறாரு."

"சரி" என்றார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, டம்ளரை என் உதட்டில் வைத்தார். "குடி கண்ணு. முழுசா குடி."

குடித்தேன். மோரின் புளிப்பும் கேப்பையின் மணமும் தொண்டையில் இறங்கியது இன்றைக்கும் நாக்கில் இருக்கிறது. அப்புறம் வாழைப்பழத்தைப் பிசைந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினார். நான் மறுபடி திரும்பிப் பார்த்தபோது அந்த மூலையில் வெறும் மண்தான் இருந்தது. அவர் அந்தப் பக்கம் பார்க்காமல் அடுத்த வாயை ஊட்டினார். 

வேன் வந்து திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் குளுக்கோஸ் ஏற்றினார்கள். உடம்பில் சர்க்கரையும் இல்லை, தண்ணீரும் இல்லை, வழியில் எதுவும் கொடுக்காமல் இருந்திருந்தால் வந்து சேர்ந்திருக்க மாட்டாய் என்று டாக்டரம்மா திட்டினார். மூளைக்குச் சாப்பாடு போகாவிட்டால் கண் இல்லாததை எல்லாம் காட்டும் என்றும் சொன்னார். அது சரியாகத்தான் இருக்கும். போட்டோவில் முகத்தை மட்டும் பார்த்த எனக்கு அந்த வயிற்றில் வைத்த கை எப்படித் தெரிந்தது என்று அவரிடம் கேட்கவில்லை. என் வயிறே அதைச் சொல்லியிருக்கலாம்.

டீம் தோற்றது. ஆள் பொறுக்க வந்தவர் வேறு யாரையோ பொறுக்கிக்கொண்டு போனார். போலீஸ் வேலை கிடைக்கவில்லை, பிற்பாடு லோடு வண்டி ஓட்டப் பழகி அதிலேயே காலம் ஓடுகிறது. கபடியை மட்டும் விடவில்லை. அடுத்த வருஷமே அறுபது கிலோ டீமுக்கு மாறிவிட்டேன். மில்லில் மத்தியானம் வயிறாரச் சோறு. மைதானத்தில் இறங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் இரண்டு வாழைப்பழமோ, கைப்பிடி மல்லாட்டையும் ஒரு துண்டு வெல்லமுமோ. ஆட்டம் முடிந்த சூட்டோடு முட்டை, கூழ், கிடைத்தால் சுண்டல். விளையாடுகிற நாளில் வயிற்றை நீண்ட நேரம் காலியாக விடுவதே இல்லை. பட்டினி கிடந்த காலத்தில் இரண்டு ரைடிலேயே இரைக்கிற எனக்கு, அதற்கப்புறம் ஆட்டம் முடிகிற வரைக்கும் கால் தளரவில்லை. சட்டைப் பையெல்லாம் மல்லாட்டைத் தோல் என்று துவைக்கும்போது என் மனைவி திட்டுவது தனிக்கதை.

மறு பொங்கலுக்கு அந்த ஊருக்குப் போனபோது, எங்கள் டீம் மொத்தமும் முதலில் அந்தக் கூடையிடம்தான் போய் நின்றது. கேப்டன் அண்ணன்தான் முதல் முட்டையை எடுத்தார். அக்கா எனக்குக் கூழ் ஊற்றிக் கொடுத்துவிட்டு, நான் குடித்து முடிக்கிற வரைக்கும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "ஒன்னும் தெரியலியே?" என்று மெதுவாகக் கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். "நல்லது கண்ணு" என்று டம்ளரை வாங்கிக்கொண்டு அடுத்தவனைக் கூப்பிடப் போய்விட்டார். அன்றைக்கு அவர் ஏதாவது சாப்பிட்டாரா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அந்த ஒரு டம்ளர் கூழை என் வாயில் ஊற்றுவதற்காக அந்த அக்கா எதைக் கைவிட்டார் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும், அதனாலேயே இன்றைக்கு வரைக்கும் வெறும் வயிற்றோடு ஒரு மைதானத்தில் கால் வைக்க எனக்கு மனசு வருவதில்லை.